பைக்குள் போகிற பை

ஏனுங்க,

அவிநாசியில் தங்கச்சி வீட்டுச் சீருக்குப் போகிறேன். அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் இருக்கிறது, நெய் ஊற்றிச் சாப்பிடுங்கள். ஆறு மணிக்கு ஏர்போர்ட் டாக்ஸி வரும். அதற்குள் வந்துவிடப் பார்க்கிறேன்.

"மடிச்சா பைக்குள்ள போறாப்புல லேசா ஒரு பை வாங்கி வெய்யி" என்று திங்கட்கிழமை சொன்னீர்கள். எந்தப் பைக்குள் என்று கேட்பதற்குள், ஜெர்மனிக்கு நானும் வருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். அதோடு நம் பேச்சே நின்றுபோனது.

சட்டைப் பைக்குள்ளா, பெட்டிக்குள்ளா? தெரியாமல் இரண்டு வாங்கிவிட்டேன். நீலப் பை சட்டைப் பைக்குள் போகும். ஆனால் குடைத்துணி மாதிரி இருக்கிறது, அங்கே மெஷின் கண்காட்சியில் தருகிற கேட்லாக் நாலு வைத்தால் வார் தாங்குமோ என்னவோ. கறுப்பு நல்ல கெட்டி, மடித்தாலும் பெட்டிக்குள்தான் போகும்.

இன்னொரு குழப்பம். நீலப் பைக்கு உள்ளேயே சின்னப் பை ஒன்று தைத்திருக்கிறது. "அதுக்குள்ளயேதானுங்க இந்தப் பையே போகும்" என்று கடைக்காரர் ஒரே சுருட்டாகச் சுருட்டிக் காட்டினார். வீட்டில் பிரித்தேன், திரும்ப மடிக்க வரவில்லை. நீங்கள் சொன்னது இந்தப் பைக்குள்ளோ?

இரண்டும் கட்டில்மேல் இருக்கிறது.

மரகதம்

சாவியை எதிர்வீட்டு ராசாத்தாள் அக்காவிடம் கொடுங்கள். தங்கச்சி வீட்டு போன் நம்பர் காலண்டரில் இருக்கிறது. பையைப் பற்றி மட்டும் பேசினாலும் சரி.

பிரஷர் மாத்திரை முன்பக்க ஜிப்பில். எதை எடுப்பீர்களோ தெரியாமல் இரண்டு பையிலும் வைத்திருக்கிறேன்.