அனுசரித்துப் போகச் சொல்லாத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை, சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் உதவி மையத்துக்குப் புருவம் கிழிந்து ஒருத்தி வந்தாள். புருஷன் தோசைத் திருப்பியால் அடித்திருக்கிறான். டிஞ்சர் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கடலூர்தான், நீங்கள்தான்.

அன்று நான் ஒடிந்த கையோடு, அங்கிருந்த மையத்தில் கவுன்சிலராக இருந்த உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பண்ருட்டியிலிருந்து என் புருஷனையும் வரவழைத்து, இருவரையும் ஒரே அறையில் வைத்துப் பேசச் சொன்னார் உங்கள் அதிகாரி. சமரசம் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது அல்லவா? அவனும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"அடிக்கிற கைதாம்மா அணைக்கும். அனுசரிச்சுப் போ," என்றார் அந்த அதிகாரி அம்மாள்.

"அந்தக் கைதான் மேடம் இவ கைய ஒடிச்சிருக்கு," என்றீர்கள் நீங்கள். "நான் மனசு பாக்க வந்தவ. சேத்து வைக்கிறது என் வேலையில்ல. இவ உசுரோட இருக்கணும், அதான் என் வேலை."

"எம் பொண்டாட்டிய எங்கிட்டேந்து பிரிக்கிறியாடி?" என்று அவன் இரும்பு நாற்காலியைத் தூக்கினான். எனக்கு ஓங்கிய அடி அது. குறுக்கே பாய்ந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். மண்டை பிளந்து, ரத்தம் என் மடியில் கொட்டியது. நான் சும்மா இருப்பேனா? நல்ல கையால் மேசையிலிருந்த சொம்பை எடுத்து அவன் மூஞ்சியில் ஒன்று வைத்தேன். பல் தெறித்தது. இன்றுவரை அதற்கு நான் வருந்தவில்லை.

ஆபீஸ் பேர் கெட்டுவிடும், கேஸ் வேண்டாம் என்றார் அதிகாரி. தையல் போட்ட தலையோடு நீங்களே ஸ்டேஷனுக்குக் கிளம்பினீர்கள். ஆட்டோவில் பொரிந்து தள்ளினீர்கள். "கவுன்சிலிங்குக்குக் காசு இருக்கறவ போனா 'ரெஸ்ட் எடுங்க மேடம்'ன்றாங்க. இல்லாதவ வந்தா 'பொறுத்துப் போ'ன்றாங்க. ரெண்டையும் ஒரே படிப்பு படிச்சவங்கதான் சொல்றாங்க!"

பிறகு விடுதியில் சேர்த்து, படிக்க வைத்து, இந்த வேலைவரை கொண்டுவந்தீர்கள். போன மாசியில் திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் உடலைக் கிடத்தியிருந்த வீட்டு வாசலில் நின்று அழுதபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த அடி தாங்கியவரைச் சாதாரணக் காய்ச்சலா கொண்டுபோவது?

இன்று காலை வந்தவளின் புருஷனும் மையத்துக்கு வந்தான். கல்லால் ஜன்னல் கண்ணாடியை நொறுக்கினான். போலீஸ் வரும்வரை கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றேன். அவனை இழுத்துப்போன பிறகு அவளிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. அன்று ஸ்டேஷன் வாசலில் நீங்கள் என்னிடம் கேட்டதைத்தான் கேட்டேன்.

"இன்னைக்கு ராத்திரி எங்க படுப்ப?"

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.