சுமதியின் அழுகை

ஜூன் 14, வெள்ளி

சுமதி என்னை விட்டுப் போனதும் நான் எழுதிய பாட்டு இன்று வெளியானது. என் பாட்டுகளின் விளம்பர வேலையைப் பார்க்கும் டிலான், அவள் எனக்கு அழுதபடி அனுப்பிய குரல் பதிவைப் பாட்டின் தொடக்கத்தில் சேர்த்திருந்தான். அதை அவனுக்குக் கொடுத்தது நான்தான்.

மத்தியானம் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சுமதி கோல் எடுத்தாள். "லயத்து வீடுகள்ல எல்லாரும் அதப் போட்டுச் சிரிக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுல கல்யாணமே வேணாம்னுட்டாங்க. தயவுசெஞ்சு எடுத்துருங்க."

டிலானிடம் சொன்னேன்.

"இப்பதான் வியூஸ் ஏறுது அண்ணே. கல்யாணம் நின்னதையும் போடுவமா?" என்றான்.

அவள் கல்யாணம் நின்றதில் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. "பேரு மட்டும் போடாத" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் அவள் பெயரோடு போட்டுவிட்டான். பாட்டுக்குக் கீழே வந்த பாராட்டுகளை எல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.