யாரும் சாகாத வீட்டுக்கு வந்த சாப்பாடு

சிட்லபாக்கம்,
ஞாயிறு மாலை.

என் கண்ணு ஹெப்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். லூதியானாவில் குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு இருமாதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய். இங்கே நீ குறுக்கே பேச முடியாது.

நர்சிங் கடைசி வருஷத்தை விட்டுவிட்டு வந்து, தாம்பரத்தில் ஏதாவது கடையில் வேலை பார்க்கிறேன் என்கிறாய். ஜெனி அத்தை ஃபீஸ் கட்டுகிறேன் என்றதற்கு, "வேணாம் அத்தை, யார்கிட்டயும் கை நீட்டிப் படிக்க எனக்கு இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டாயாம். அப்பா தன் தங்கையிடம் பேசித் தெரிந்துகொண்டு வந்து சொன்னார். இந்த ரோஷம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று நான் வெளியில் போய்த் தேட வேண்டியதில்லை. அதனால்தான், போன மாதம் நம் வீட்டில் நடந்த கூத்தை இப்போது முழுதாக எழுதுகிறேன். உன்னிடம் இதுவரை மூச்சு விடவில்லை.

கல்லூரி ஆபீசில் ஆட்களைக் குறைத்தபோது அப்பாவையும் அனுப்பிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். சபையில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே சொல்லக்கூடாது என்று நான்தான் அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தேன். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு காட்டாங்குளத்தூருக்குப் போவதுபோல் கிளம்புவார். ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு மத்தியானம் பின்கட்டு வழியாகத் திருடன் மாதிரி வீட்டுக்கு வருவார்.

ஒரு சனிக்கிழமை காலை அவருக்குப் பொறுக்கவில்லை. வேலை போனது என்று எழுதினால் நான் திட்டுவேன். ஒன்றும் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் நம் ஏரியா ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு வசனத்தை மட்டும் போட்டார். எந்த வசனம் தெரியுமா? கொடுத்தவரும் ஆண்டவர், எடுத்துக்கொண்டவரும் ஆண்டவர் என்று வருமே, கல்லறையில் பெட்டியை இறக்கும்போது நம் சபை ஐயர் சொல்வாரே, அதை. போட்டுவிட்டு போனைச் சார்ஜில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த வசனத்தை நம் சபையில் வேறு எதற்காவது யாராவது போட்டுப் பார்த்திருக்கிறாயா? போட்டது அப்பா. அப்படியென்றால் போனது யார்? நான்தான்.

நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டுப் போனால், ஐயரம்மா கர்சீப்பால் மூக்கைத் துடைத்தபடி நிற்கிறார்கள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு டிபன் கேரியரோடு. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று, கண்ணீரோடு இட்லியும் அவித்து எடுத்து வந்துவிட்டார்கள். என்னைத் துருவியோடு பார்த்ததும் ஐயரம்மா, "ரத்தினம், நீயா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சபைச் செயலாளர் எபி அண்ணன் ஃப்ரீசர் பாக்ஸுக்கே சொல்லிவிட்டாராம். பாதி வழி வந்த வண்டியைத் திருப்பி அனுப்பப் பெரும்பாடு பட்டார். பக்கத்து வீட்டுத் தோத்தாத்ரி சார் விஷயம் காதில் விழுந்து ஓடிப்போய் ரோஜா மாலை வாங்கி வந்திருந்தார். என்னைக் கண்டதும் பாவம், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நல்ல பூ, வீணாகப் போக வேண்டாமென்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கூட்டத்தைப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் சாகலீங்க. என் வேலைதான் போயிடுச்சு" என்றார்.

ஹெப்சி, அந்த நிமிஷம் நிஜமாகவே செத்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. யார் வீட்டில் எது நடந்தாலும் முதல் கேரியர் என்னுடையதாக இருக்கும். அந்தக் கேரியரைக் கொடுக்கத்தான் எனக்குத் தெரியும். வாங்கிப் பழக்கமில்லை. உள்ளே ஓடிப்போய் அடுப்படியில் நின்று அழுதேன். ஐயரம்மா பின்னாலேயே வந்து, ஒன்றும் விசாரிக்காமல், "வேல போனாலும் சாப்பிடணுமில்ல, தட்டு எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அத்தனை பேரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இழவு வீடு என்று யாரும் இனிப்புக் கொண்டுவரவில்லை. தோத்தாத்ரி சார் வீட்டு வேதா மாமி, ஆயுசு கெட்டி என்று சொல்லி, போய்க் கேசரி கிளறி எடுத்து வந்தார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். அப்பாவும்தான். கேசரி மூன்று தரம் வாங்கினார்.

ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று தினமும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு, அவர் அனுப்புகிறவர்கள் யாரும் உள்ளே வராதபடி கேட்டை நான் சாத்தி வைத்திருந்தேன். இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதற்கப்புறம் ஒரு நாளும் நமக்குக் குறைவில்லை. தோத்தாத்ரி சார் தெரிந்தவரிடம் சொன்னதில், செம்பாக்கத்தில் ஒரு பாத்திரக்கடையில் அப்பா இப்போது கணக்கு எழுதுகிறார். பழைய சம்பளம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வாசல் வழியாக வருகிறார், ராத்திரி நன்றாகக் குறட்டை விடுகிறார். நான் தூங்குவதுதான் கஷ்டம்.

இப்போது உன் விஷயம். உன் ஃபீஸுக்காக நான் ஜெபம் பண்ணியது ஆண்டவருக்குத் தெரியும். அவர் உன் அத்தையை அனுப்பினார். நீ கேட்டைச் சாத்திவிட்டாய். கை நீட்டுவது கேவலம் என்று நினைக்கிறாய். கொடுக்க வந்தவளைப் பற்றி யோசித்தாயா? உன் ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்திக்கொண்டு நின்றது நானில்லை, அவள். அதற்குப் பிறகு அவள் கையில் ஏந்த வேறு பிள்ளை வரவில்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவைத் திறந்து ஒரு இளநீலப் புடவையைக் காட்டினாள். உன் பட்டமளிப்புக்குக் கட்டிக்கொள்ள முன்கூட்டியே எடுத்து வைத்தாளாம். "அவதான் வேணாம்னுட்டாளே அண்ணி" என்று மடித்து மறுபடி உள்ளே வைத்துவிட்டாள்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. நீயாகக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடு. "சரி அத்தை" என்று மட்டும் சொல். நீ போகும் வழியிலும் வரும் வழியிலும் ஆண்டவர் துணை நிற்பாராக. உன் அத்தை அந்தப் புடவையைக் கட்டட்டும், மகளே.

உன் அம்மா,
ரத்தினபாய் சுந்தர்சிங்