கையைக் கட்டிக்கொண்டு

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கேஸ் தீரப்போகிறது, கடைக்குச் சொல்ல வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குத் தமிழே புதுமொழி. ஆகவே பள்ளியில் நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் சொல்லிக்கொடுத்த அதே முறை. ‘பாங்குன்’ என்று சொல்லி எழுந்து நிற்பேன், வகுப்பே எழும். ‘டூடோக்’, உட்காருவோம். மொழிபெயர்ப்பே கிடையாது.

இன்று: எழுந்திருங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க, கதவைச் சாத்துங்க. எல்லாம் செய்தார்.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மகள் கவிதாவுக்கு போன். “அப்பாவுக்கு நான் பேசுறது புரியுதுமா.” அழுதாள். “அப்ப நான் பேசினாலும் புரியும்தானே?”

புரியும் என்றேன்.

மார்ச் 5, புதன்

அவரைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனேன். பேச்சுப் பயிற்சி. கார் நிறுத்த இடமில்லை, வெயில் வேறு.

பயிற்சி கொடுப்பவள் தேவி, சின்னப் பெண். பெருமையாகச் செய்துகாட்டினோம்.

“சூப்பர் அங்கிள். ஆன்டி, இப்ப கைய கட்டிக்கிட்டு சொல்லுங்க. தலையும் ஆட்டக்கூடாது லா.”

கட்டிக்கொண்டேன். “எழுந்திருங்க.” என்னையே பார்த்தார். மறுபடி சொன்னேன். அசையவில்லை.

“இப்ப உட்காருங்கன்னு சொல்லிட்டு நீங்க எழுந்திருங்க.”

சொன்னேன். எழுந்தேன். அவரும் எழுந்தார். சரியாகச் செய்துவிட்ட பிள்ளை மாதிரி சிரிப்பு.

“உங்கள பாத்துதான் செய்றாரு ஆன்டி. சொல்றத கேட்டு இல்ல.”

வகுப்பில் இது எனக்குத் தெரிந்த சோதனைதான். சில நாள் காட்டிய பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிப்பார்ப்பேன். வீட்டில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

ரசம். கறிவேப்பிலை இல்லாமல்.

கவிதா போன். ஸ்பீக்கரில் போட்டேன். “அப்பா, நான் கவிதா. சனிக்கிழமை வரேன், சரியா?”

அவர் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

“என்னம்மா, தலையாட்டுறாரா?”

“ஆட்டுறாரு.”

பொய் இல்லை.

மார்ச் 8, சனி

கவிதா மாலைதான் வருகிறாள். மீன் வாங்கியாயிற்று. அவர் சட்டை: நீலம்.

அவள் வருமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எதிரில் உட்கார்ந்தேன். நடுவில் மேசை, அவர் முன்னால் டம்ளர். என் கைகள் மடியில், முந்தானைக்கு அடியில்.

“தண்ணி குடிங்க.”

முகத்தைப் பார்த்தார். தோளைப் பார்த்தார்.

“என்னங்க. தண்ணி.”

மேசைக்கு மேல் சாய்ந்தார். நல்ல கையை நீட்டி முந்தானையை விலக்கி, என் வலது கையை வெளியே எடுத்தார். டம்ளர் பக்கத்தில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.