சம்பந்தி வீட்டுக் கம்பளம்

காஷான்,
மெஹர் மாதம் 12

அன்பு மகள் தரானேவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். முதலில் இதைப் படித்துவிடு: கல்யாணம் நிற்கவில்லை. ஷிராஸ் ஆஸ்பத்திரியில் நீ இனி கவலையில்லாமல் ஊசி போடலாம்.

நேற்று மாப்பிள்ளை கியூமர்ஸ் வீட்டுக்குப் போனோம். உன் அப்பாவோ கம்பளங்களுக்கு மதிப்புச் சொல்லியே தலை நரைத்த மனுஷன், யார் வீட்டுக்குப் போனாலும் மூலையைப் புரட்டாமல் இருக்கமாட்டார் என்பது உனக்குத் தெரியுமே. "இன்னைக்கு மட்டும் கையை மடியில வைங்க, புண்ணியமாப் போகும்" என்று வாசலிலேயே கெஞ்சினேன். தேநீர் வரும்வரை வைத்திருந்தார்.

கல்யாணத் தேதி பற்றிப் பேச்செடுத்ததும் சட்டென்று குனிந்தார். காலடியில் விரித்திருந்த கம்பளத்தின் மூலையைத் தூக்கினார், இழைகளை விரலால் பிரித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா இஃபத் கவனித்துவிட்டார். அவருக்கு மாமியார் கொடுத்த நூறு வருடக் கம்பளமாம் அது. "என்ன அண்ணா, நூறு இருக்குமா?" என்று கேட்டார். நான் இவர் முழங்காலைக் கிள்ளினேன். தொழிலில் இவருக்குப் பொய் வருமா? "இழையோட நுனிதான் வெளுத்திருக்கு, அடி பளிச்சுனு இருக்கு. மருந்துத் தண்ணியில கழுவிப் பழசாக்கினது. முப்பது வருஷம்கூட இருக்காதும்மா" என்று போட்டு உடைத்தார்.

உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகை முட்டியது. இஃபத்தோ விழுந்து விழுந்து சிரித்தார். "இருபத்தெட்டு வருஷம்! 'உன் சீரெல்லாம் சேர்த்தாலும் இதுக்கு ஈடாகுமா'ன்னு குத்திக்காட்டியே போய்ச் சேர்ந்தா அந்தக் கிழவி. இதுமேல உட்கார்ந்து பிள்ளைங்களை ஒரு மாதுளை தின்ன விட்டிருப்பேனா?" என்றார். உடனே ஒரு தட்டு மாதுளையைக் கம்பளத்தின் நடுவில் வைத்து, எல்லாரையும் அங்கேயே உடைத்துத் தின்னச் சொன்னார். கல்யாணம் அடுத்த மாதம், அபான் இருபதாம் தேதி என்று முடிவாயிற்று.

வரும் வழியெல்லாம் உன் அப்பாவைத் திட்டினேன். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் சொன்னார்: "தேதின்னதும் கண்ணு கலங்கிடுச்சு பத்ரி. நிமிர்ந்தா எல்லாரும் பார்த்துடுவாங்க. அதான் குனிஞ்சேன்."

இதை நான் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே விடுப்பு கிடைக்குமா, கேட்டுப் பார் கண்ணே. கொஞ்ச நாள் எங்கள் மகளாகவே இருந்துவிட்டுப் போ. இறைவன் உன்னை நன்றாக வைக்கட்டும்.

உன் அம்மா,
பத்ரி