மஞ்சள் மூசை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை வீட்டில் யாரும் திறப்பதில்லை. கிழிப்பதும் எளிது.

ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா கீழே பட்டறைக்குக் கூப்பிட்டார். ஈயம் கலக்காத பீங்கான் வில்லைகள், இருபத்து நான்கு. சூடான எண்ணெயில் அமிழ்த்தி மின்னழுத்தம் ஏற்றியாகிவிட்டது. ஒன்றில்கூடப் பொறி தட்டவில்லை. மே மாதம் இதே வேலையில் பதினாறு வெடித்தபோது அப்பா சுத்தியலை எடுத்து எண்ணெய்த் தொட்டியையே நசுக்கினார். இன்று ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்து அழுத்தினார், நான் எழுதினேன். அழுத்தினால் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்ற கணக்கு. வழக்கமாக எண்பதோடு சரி. இன்று 161, 158, 166. மின்சாரம் கொடுத்தால் வில்லை துளி நீளும். அதுவும் பழையதைவிட இரண்டு மடங்கு.

பட்டறையில் பொடியை எடை போட்டு வில்லை அழுத்தும் சரசக்கா: "ஏனுங்க, இன்னிக்குத்தான் உங்க பல்லையே பாக்கறனுங்க."

அப்பா சிரித்தார். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சனிக்கிழமை அப்பா வெளியே போயிருந்தார். உலையில் வைக்கும் வேலை எனக்கு. ஈயமில்லாததற்கென்றே வாங்கிய வெள்ளை மூசை (வில்லைகளை வைத்து உலையில் சுடும் மூடி போட்ட பாத்திரம்) கை தவறி விழுந்து இரண்டாகிவிட்டது. பயத்தில் பரணிலிருந்து பழைய மூசையை எடுத்தேன். பன்னிரண்டு வருஷம் ஈய வில்லைகள் வெந்த மூசை. உள்ளே முழுக்க மஞ்சள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதிலேயே வைத்தேன். ஈயம் சூட்டில் ஆவியாகிப் பக்கத்திலிருப்பதில் ஏறும் என்று சொல்லித்தந்ததே அப்பாதான்.

உடைந்த துண்டுகளைக் குப்பை வண்டியில் போட்டேன். சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. ஷூ காயவில்லை.

பாப்பா வரப்போகிறாள்.

இதையும் எழுதிவிடுகிறேன். தங்கை பாப்பாவுக்கு ஏழு வயது. மார்ச்சில் ஓயாத வயிற்றுவலி, தெரிந்த எழுத்தெல்லாம் மறந்தது. ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். பட்டறைக்கு மேல் மாடிதான் எங்கள் வீடு. அந்த வாரமே அம்மா அவளைப் பொள்ளாச்சியில் சித்தியிடம் விட்டார். ஈயப்பொடி இந்தக் கட்டடத்தைவிட்டுப் போனால்தான் திரும்ப அழைப்பேன் என்றார். ஈயமில்லாதது தேறட்டும், அன்றே நிறுத்துகிறேன் என்றார் அப்பா.

தேறிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஈயப்பொடி டிரம்களை டெம்போ ஏற்றிக்கொண்டு போனது. அம்மா பட்டறைத் தரையை மூன்று முறை கழுவினார். சித்திக்கு போன்: ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா.

மெஷின் கம்பெனிக்காரர் வந்து பன்னிரண்டு வில்லைகள் வாங்கிப் போனார். பொருத்தப்போவது வெளிநாட்டுக்குப் போகிற மெஷினிலாம். ஈயம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் வேண்டும் என்றார். அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'ஈயம் அறவே இல்லை.' 'அறவே' என் கையிலிருந்து இரண்டு முறை தப்பாக வந்தது.

ஆர்டர் போட்டிருந்த புது மூசைகள் வந்தன, மூன்று. அடுத்த ஈடு அப்பாவே வைத்தார். பழைய வெள்ளை எங்கே என்று கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

பிசிக்ஸ் டெஸ்ட் 31/50. கையெழுத்து வாங்க வேண்டும்.
சரசக்கா ஒரு வில்லையை ஜன்னலோரம் தூக்கிப் பார்த்து, "ஓரம் மஞ்சளடிக்குதே அம்மணி?" என்றார். வெயில் என்றேன்.

ஜூலை 12, சனி

புது மூசை ஈடு: 79, 83, 77. ஐந்து வில்லைகள் எண்ணெயிலேயே விரிசல் விட்டன.

அப்பா கத்தவில்லை. அதுதான் பயம். அவருக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. கலவையில் சேரும் பொட்டாசியம் பொடி மழைக்காற்றில் ஈரம் குடிக்கும், அடுப்பில் காயவைத்த சூட்டோடு எடை போட்டுவிட வேண்டும். சரசக்கா ஆறவிட்டு எடை போட்டிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்.

"காய வெச்ச கையோட எடை போட்டனுங்க. போன தடவ மாதிரியேதானுங்க."

"நாளைலருந்து நீங்க வர வேண்டாமுங்க."

அந்தக் கோபத்திலும் 'ங்க' விடவில்லை. சரசக்கா ஏப்ரனை மடித்து ஸ்டூலில் வைத்தார். டிபன் பாக்ஸைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பார்த்து, போய் வாரேன் கண்ணு, நல்லாப் படி என்றார். நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் பூசையில் எதுவும் காதில் ஏறவில்லை.

பதினொன்றரைக்கு பாப்பா வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். வந்த வேகத்தில் வெறுங்காலோடு பட்டறைக்குள் ஓடினாள். அம்மா தடுக்கவில்லை, சிரித்தார்.

மத்தியானம் அம்மாவும் பாப்பாவும் தூங்கும்போது கீழே போய் அப்பாவிடம் சொன்னேன். உடைந்தது, பரண், சோப்பு, எல்லாம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா மூசையைக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்தில் திருப்பி, உள்ளே நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட சொல்லிப்போட்டயா?"

"இல்லீங்கப்பா."

"சொல்லாத கண்ணு. இனி எல்லாத்தையும் இதுலயே வெச்சரலாம். அடில துளி பழைய ஈயப்பொடி தூவுனாப் போதும். ஒரு டப்பா எடுத்து வெச்சிருக்கறன்."

சரசக்காவைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்றேன். அவருக்கு விஷயம் புரிந்துவிடும், வேறு ஆள் பார்க்கலாம் என்றார். தலையைத் தடவினார். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் தடவினார். அந்தக் கை மூசைக்குள் இருந்த கை. இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன்.

இரவு மணி பதினொன்று. அப்பா கீழே உலையில் வைக்கிறார். பாப்பா கட்டை விரலை வாயில் போட்டுத் தூங்குகிறாள். எடுத்துவிட்டால் மறுபடியும் போடுகிறாள்.

அவள் துணிகளை எல்லாம் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். கவுன் 4, பாவாடை 2, ஸ்வெட்டர், மருந்து. உக்கடத்திலிருந்து முதல் பொள்ளாச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எழுப்பப் போகிறேன்.