வேருக்கு ஓரம் வெட்டினேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படிதான் இன்னும் ஏற முடியவில்லை. தம்பிக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது, அதனால் ராத்திரியில் வீட்டில் மறுபடியும் டிவி சத்தம். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். இரண்டு தடவை போன் செய்தேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செடிகொடிகளை வைத்துக் கையால் செய்த புத்தகங்களின் கண்காட்சிக்கு, இங்கே நூலகத்தில் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். போன தடவை வந்தபோது பின்சுவர் இடுக்கில் முளைத்த புல்லையும் களையையும் வேரோடு பிடுங்கினாயே, அம்மாவுக்கு வேலை மிச்சம் என்று நான்கூடக் கிண்டல் செய்தேன், அதெல்லாம் பக்கத்துக்கு ஒன்றாக உலர்ந்து ஒட்டியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா வேரும் தாளைத் தாண்டிக் கீழே விரல் நீளத்துக்குத் தொங்கியது, தாளும் ஒன்று குட்டை ஒன்று நெட்டை. அச்சகத்தில் எனக்குப் பிசிறு என்று பட்டப்பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும், ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. பிள்ளை அவசரத்தில் ஓரம் வெட்டாமல் அனுப்பிவிட்டாள், பைண்டர் மகள் வேலை இப்படியா என்று நாலு பேர் கேட்பார்களே என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அச்சகத்துக்கு எடுத்துப்போய், மேலும் கீழும் அட்டை கொடுத்து, கட்டிங் மெஷினில் வைத்துக் கத்தியை இறக்கிவிட்டேன். செங்கல் மாதிரி மட்டமாக வந்தது. முதலாளியிடம் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மறுநாள் நூலகத்தில் கொடுத்தேன். அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ முன்பே அனுப்பியிருந்த குறிப்பை எடுத்து என்னிடம் படித்துக் காட்டினார். சுவருக்கு அடங்காத வேர் தாளுக்கு மட்டும் அடங்குமா, அதனால் எந்தப் பக்கத்திலும் வேரைத் தாளுக்குள் அடக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வேர் எங்கேங்க, எல்லாம் வெட்டின மாதிரி இருக்கே என்று கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு வந்ததே இப்படித்தாங்க, கடைசியில அவசரமா முடிச்சிருப்பா என்று சொல்லிவிட்டேன். சின்ன வயசுதானே, போகப்போகக் கத்துக்குவாங்க என்றார். என் மகளைப் பற்றி அப்படிச் சொன்னதை வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்டியதைவிட அதை நினைத்தால்தான் கூசுகிறது.

நேரே அச்சகத்துக்கு ஓடினேன். வெட்டிய துண்டுகளைக் கழிவுச் சாக்கோடு எடுத்துப்போய்விட்டார்கள், மெஷின் அடியில் குனிந்து தேடியதில் கொஞ்சம் வேர்த் துணுக்குகள் கிடைத்தன, உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பசை வச்சு ஒட்டிடலாமா என்று கேட்டேன். மறுபடியும் அவளைக் கேக்காமலா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை நூலகத்துக்குப் போய், வெட்டினது நான்தாங்க, அவ வேலையில ஒரு குறையும் இல்ல என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், நின்று கேட்டார்கள், கேட்கட்டும். கண்காட்சி அடுத்த மாதம்தானாம். இப்படியே வைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று கேட்டு, அவங்க அப்பாதானே, நீங்களே சொல்லிடுங்களேன் என்றார். அது என் புத்தகம் இல்லைங்க என்றேன்.

எது உனக்குச் சரியோ அதை நீயே அவரிடம் சொல். கோபம் வந்தால் என்னை நன்றாகத் திட்டு, போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. புத்தகம் தைக்க ஊசி பிடிக்கும்போது வெளிச்சம் போதுமா என்று பார்த்துக்கொள், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக அமைந்து நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைக் கேட்காமல் கத்தி வைத்த
உன் அப்பா